கொட்டகலையிலிருந்து இரத்மலானைக்கு: கினிகத்தேனையில் முடிந்த ஒரு பயணம்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மா, மலைநாட்டிலிருந்து இரத்மலானைக்குப் போய்ப் பழைய விமானங்களைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பலாமா?" திரும்பலாம். நானும் ஒரே நாளில் திரும்பினேன். ஆனால் இரத்மலானையைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் இதுவரை போய்ச் சேர்ந்த இடங்களைப் பற்றி மட்டுமே எழுதி வந்திருக்கிறேன். போய்ச் சேராத ஓர் இடத்தைப் பற்றியும் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

அறுபதுகளின் தொடக்கம். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அந்தோணி கொட்டகலை பஜாருக்குப் பின்னால் ஒரு மரக்காலையில் பலகை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிறவி. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். யாராவது வலிய வந்து உதவி செய்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. இந்தக் குணம் என்னோடு பிறந்ததா, வளர்ந்ததா என்று கேட்டால், அப்பாவின் கதையைத்தான் சொல்லவேண்டும்.

யுத்த காலத்தில் அப்பா வேறொரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது தேயிலைச் செடியின் கொப்புகளைக் கழிக்கும் வேலை. ஒரு நாள் மூடுபனியில் வழி தவறிய சின்ன விமானமொன்று தோட்டத்துக்கு மேலே புல்மலையில் வந்து விழுந்தது. அப்பாதான் முதலில் ஓடினார். வாரில் சிக்கித் தொங்கிய வெள்ளைக்கார விமானியைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்து இறக்கி, தன் கம்பளியில் சுற்றி, தோளில் போட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார். அன்று மாலையே ஒரு கார் வந்து அந்தத் துரையைக் கொண்டுபோய்விட்டது. அவர் தன் கைக்கடிகாரத்தை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்படித்தான் அப்பா சொன்னார்.

தோட்டத்துக் கண்டாக்கையா அதை நம்பவில்லை. கண்டாக்கு என்றால் வயல் வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். துரைக்கு அடுத்த தெய்வம். "ஒரு தொர, கூலிக்காரனுக்கு வாச்சு குடுப்பானா?" என்று பெரட்டுக் களத்தில், காலையில் ஆளெடுக்கும் நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் கேட்டார். ஆபீசில் ஒப்படைப்பதாகச் சொல்லிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். அப்பாவின் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு வந்தால் வேலையும் இல்லை, குடியிருக்க லயத்தில் அறையும் இல்லை. மூட்டை முடிச்சோடு கொட்டகலைக்கு வந்தோம். எங்களுக்கு முன்னாலேயே பேர் வந்து சேர்ந்திருந்தது. 'வாச்சு அந்தோணி.' கோயிலில் காணிக்கைத் தட்டு பெஞ்சு பெஞ்சாக வரும்போது அப்பா அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்தி அடுத்தவருக்குக் கொடுப்பார். விரல் காசுப் பக்கம் போகவில்லை என்று எல்லாரும் பார்க்கவேண்டுமாம். நான் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

இப்படியிருக்க, பத்திரிகையில் ஒரு படம் வந்தது. யுத்த காலத்து விமானங்களை இரத்மலானையில் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் பறந்த விமானிகள் சிலர் சீமையிலிருந்து வருகிறார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை ஜனங்களோடு பேசுவார்கள். நான்கு பேருடைய படம். மூன்றாவது ஆளைப் பற்றி, மூடுபனியில் தேயிலை மலையில் விழுந்து உயிர் தப்பியவர் என்று போட்டிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தாடையில அந்தத் தழும்பு. அவருதான்."

அந்தத் துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஆமாம், நான்தான் கொடுத்தேன்.' நாலு பேர் காதில் அது விழுந்தால் போதும். அப்பாவின் பேர் திரும்பி வந்துவிடும். இரண்டு மாதம் அதே நினைப்பாக இருந்தேன். பாடம் நடத்தும்போதுகூட, அந்தத் துரையிடம் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போவதற்கு வழியும் தானாக வந்தது. அதுவே எனக்குச் சந்தேகம்தான். ஹட்டன் கோயில் வாலிபர் சங்கம் ஒரு பஸ் பேசியிருந்தது. ஏற்பாடு சூசை மாஸ்டர். போக வர, நுழைவுச் சீட்டோடு ஆளுக்கு ஆறு ரூபாய். மாஸ்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் கண்டாக்கையாவின் மருமகன். கண்டாக்கையா வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஹட்டனில் மகளோடுதான் இருந்தார். மாமனாரைப் பொய்யராக்கப் போகிற இரண்டு பேருக்கு மருமகன் எதற்காக ஜன்னல் ஓரமாக இடம் தரவேண்டும்? காசு கொடுக்கப் போனபோது அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன்.

"அந்தோணியண்ணனும் வர்றாரா? நல்லது டீச்சர். கட்டாயம் கூட்டிட்டு வாங்க," என்றார்.

'கட்டாயம்' என்ற சொல்லை வீட்டுக்கு வரும்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

சீட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது: பஸ் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நியூ கிளியரிங் சந்தியிலிருந்து புறப்படும். மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பேர். ஆபீஸ் பலகையில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பேர். லயத்து ஜனங்களின் வாயில் இருப்பது வேறு பேர். ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. நியூ கிளியரிங் எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"புதுக்காடுதான்," என்றார், பாக்கை வெட்டிக்கொண்டே.

நியூ என்றால் புது. தோட்டத்தில் காட்டை அழித்துப் புதிதாகத் தேயிலை போட்ட இடத்தைக் கிளியரிங் என்பார்கள். நாங்கள் புதுக்காடு என்போம். சொல்லுக்குச் சொல் அச்சாகப் பொருந்தியது. ஊரையே சந்தேகப்படும் நான் அந்த இடத்தில் மட்டும் சந்தேகப்படவில்லை. ஆங்கிலம் தெரிந்த திமிர் என்றுதான் சொல்லவேண்டும்.

புதுக்காட்டுச் சந்தி கொட்டகலையிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இரண்டு மைல். ஞாயிறு விடியுமுன் நடந்தோம். பனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. நான் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டி எடுத்திருந்தேன். அப்பா நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, தைத்த கோட்டைப் போட்டிருந்தார். வழியில், "கோழிக்குத் தீனி வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுல சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"வந்து போட்டுக்கலாம்," என்றார்.

கொழும்புக்குப் போகிற ஆள் வீடு திரும்ப இரவு பத்தாகும். கோழி அதுவரை என்ன செய்யும்? அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

ஐந்து மணிக்குச் சந்தியில் நின்றோம். வேறு ஒருவரும் இல்லை. ஐந்தரை ஆயிற்று. மரக்கறி லொறி ஒன்று போயிற்று. ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தது, பஸ் வரவில்லை. நாற்பது பேர் போகிற பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் காத்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதாவது தெரிந்துவிட்டதாக நினைத்தேன். மாஸ்டர் வேலை. மாமனாருக்காக எங்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் 'கட்டாயம்' இதற்குத்தான்.

சந்தியில் சிறிபால முதலாளியின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அவர் பலகையைக் கழற்றிக் கடை திறந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சிங்களவர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"டீச்சர் எங்க போறது, இந்தப் பனியில?"

சீட்டைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஐயோ டீச்சர், நியூ கிளியரிங் இங்க இல்லை நே. அது ஹட்டன் பக்கம். ஒங்க ஆளுங்க கல்லுத்தோட்டம்னு சொல்றது, அதுதான் நியூ கிளியரிங். இங்க போர்டுல வேற பேர்."

"புதுக்காடுன்னா நியூ கிளியரிங்தானே?"

"பேர் அப்படி வாறது. ஆனா தோட்டம் அப்படி இல்லை." பிறகு அப்பாவைப் பார்த்து, "அந்தோணியண்ணனுக்குத் தெரியுமே. போன மாசம் தலவாக்கலையில பலகை ஏத்திக் கல்லுத்தோட்டத்துக்குத்தானே கொண்டு போனது? இங்க நின்னுதானே தேத்தண்ணி குடிச்சது?"

அப்பா ரோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சு முதலாளி," என்றார்.

 மாஸ்டர் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே இறங்கி, அப்பாவின் பக்கம் மெதுவாக நடந்து போயிற்று. மலைநாட்டில் இருபது மைல் சுற்றளவுக்கு எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பேர் என்று அப்பாவைக் கேட்டுத்தான் மரக்காலை முதலாளியே லொறி அனுப்புவார்.

தலவாக்கலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஏறி ஹட்டனுக்குப் போனோம். வழியில் கல்லுத்தோட்டத்துச் சந்தி வந்தது. பலகையில் பெரிய எழுத்தில் நியூ கிளியரிங் என்று இருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேதான் அப்பா போன மாதம் லொறியோடு போயிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சமாதானம் ஒட்டவில்லை.

ஹட்டனில் அடுத்த கொழும்பு பஸ் எட்டரைக்கு. அங்கிருந்து கொழும்பு எண்பது மைலுக்குக் கொஞ்சம் கூட. கட்டணம் ஏறத்தாழ மூன்று ரூபாய் என்று ஞாபகம். கொழும்பைச் சேரவே ஒரு மணிக்கு மேலாகும். அங்கிருந்து இரத்மலானை இன்னும் தூரம். பன்னிரண்டு மணிக்கு விமானிகள் எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் வாசலிலாவது பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. "ஏறுங்கப்பா," என்றேன். ஏறினார்.

வட்டவளைப் பக்கம் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்று பலர் எழுதுகிறார்கள். நான் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நாளில் எங்கள் ஆட்கள் கொழும்புப் பக்கம் இறங்கினால், கள்ளத்தோணியா, அதாவது இந்தியாவிலிருந்து களவாக வந்தவனா என்று கேட்க யாராவது ஒருவன் வந்துவிடுவான். அதற்காக எல்லாரும் ஒரு கட்டுப் பிரஜாவுரிமைக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். அப்பாவின் இடுப்பில் ஒன்றும் இல்லை. தீனி போடாத கோழியும் இப்போது நினைவுக்கு வந்தது.

இவர் இன்று கொழும்புக்குப் போவதாகவே இல்லை.

இதை நினைத்த மாத்திரத்தில் அடுத்ததும் வந்தது. ஏன்? அந்தத் துரையைப் பார்க்க ஏன் பயப்படவேண்டும்? கொடுத்தவரைப் பார்க்க வாங்கியவர் பயப்படுவாரா? எடுத்தவர்தானே பயப்படுவார்? சொந்த அப்பாவைப் பற்றி, ஓடுகிற பஸ்ஸில், அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைத்தேன். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அங்கே பனி இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா இறங்கி, கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார். கண்டக்டர் மணி அடித்தார். அப்பா எழுந்திருக்கவில்லை.

"பஸ் போகுதுப்பா."

"போகட்டும் தாயி."

பஸ் போயிற்று. நான் கேட்டேவிட்டேன்.

"கல்லுத்தோட்டந்தான் நியூ கிளியரிங்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் செஞ்சீங்க?" அவர் கோட்டை மடித்து மடியில் வைத்தார். நான் விடவில்லை. "அப்பா, அந்த வாச்ச அவரு குடுத்தாரா, இல்லியா?"

இத்தனை வருஷத்தில் நான் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "அதத்தான் தாயி நானும் கேக்கணும்னு இருக்கேன்," என்றார்.

பிறகு சொன்னார். நான் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கம்பளியில சுத்திப் புல்லுல படுக்க வச்சேன். கண்ணு தொறந்திருந்துச்சு. எடது கையி இந்தா, இம்புட்டு வீக்கம். அந்தக் கைய எம்முன்னால நீட்டினாரு. வாச்சக் காட்டினாரு. 'டேக்கிட்'டுன்னாரு. நத்தாருக்குப் பெரிய தொர புள்ளைங்களுக்கு டொஃபி குடுக்கறப்ப 'டேக்கிட், டேக்கிட்'டும்பாருல்ல, அதே வார்த்த. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே அதுதான். கழட்டினேன். கழட்டி அவரு மொகத்தப் பாத்தேன், கண்ண மூடிட்டாரு. உசுரக் காப்பாத்தினதுக்குக் குடுத்திருக்காருன்னு மடியில வச்சுக்கிட்டேன்."

"அப்புறம் என்னா?"

"அப்புறம் பெரட்டுல வச்சுக் கள்ளன்னாங்க. ஒருத்தன் சொன்னா பொய்யிங்கலாம். ஊரே சொன்னா? நெசமாவே குடுத்தாரா, வேற எதுவும் சொன்னாரான்னு எனக்கே ஆயிருச்சு. இப்ப அத்தன பேருக்கு முன்னால நீ போயிக் கேட்டு, அவரு இல்லன்னுட்டா? இப்பவாச்சும் பாதிப் பேரு நம்பறாங்க. அவரு வாயால இல்லன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

"வேற எதுவும் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வேற என்னா? டேக்கிட்டுன்னாரு. கூடவே 'ஆஃப்'புன்னு ஒரு மூச்சு. வலி பாரு."

அந்த மூச்சை அவர் அப்படியே விட்டுக் காட்டினார். யாருக்கும் புரியாதபடி இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எனக்குப் புரிந்தது. 'டேக் இட்' என்றால் எடுத்துக்கொள். 'டேக் இட் ஆஃப்' என்றால் கழற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். கை வீங்கி, வார் சதையை இறுக்கியிருக்கிறது. கழற்றச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. யாரும் எதையும் திருடவும் இல்லை.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் திருடவில்லை, தவறாகப் புரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கையில் இருந்ததைத் தந்தார் என்பதை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் காணிக்கைத் தட்டையும் தாண்டி, 'வாச்சு அந்தோணி' என்ற பேரையும் தாண்டி இத்தனை நாள் நடந்திருக்கிறார்.

"எடுத்துக்கன்னுதாம்பா சொல்லியிருக்காரு," என்றேன்.

"நெசமாவா?"

"நான் இங்கிலீசு டீச்சர்ப்பா."

"அப்ப அந்த ஆஃப்பு?"

"வலிதான்."

அவர் எழுந்தார். கோட்டைப் போட்டுப் பொத்தானை எல்லாம் மாட்டினார். "அப்ப வா," என்றார். "ஹட்டனுக்கே திரும்பிப் போவோம். கண்டாக்கையாவுக்கும் இங்கிலீசு தெரியும். அவருகிட்டயே சொல்லிப்புடுவோம்."

கண்டாக்கையாவுக்கு அந்த 'ஆஃப்' புரிந்துவிடும். அப்புறம் பார்க்கலாம் என்றேன். வெயில் ஏறுகிறது என்றேன். கோழி பட்டினி கிடக்கும் என்றேன். அவர் ஹட்டன் பஸ்ஸுக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

திரும்பும் வழியில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே பயணக் குறிப்புகளை இங்கே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் ஒரு தோட்டத்துக்கு வழி கேட்டால் அதன் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு பேரை நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். இரத்மலானைக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோர ரயில் இருக்கிறது. பழைய விமானங்களைப் பார்க்க அங்கே இப்போது ஒரு காட்சியகம் உண்டு, திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். கினிகத்தேனையில் தேத்தண்ணி நன்றாக இருக்கும். உங்களோடு வருகிற ஆள் போகிற இடத்துக்கு உண்மையிலேயே வர விரும்புகிறாரா என்று புறப்படுமுன் ஒரு தடவை கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்பதேயில்லை.

கண்டாக்கையாவின் வீடு ஹட்டன் பஜாருக்கு மேலே. அவர் விறாந்தையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். அப்பா படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"கண்டாக்கையா, அந்தத் தொர எங்கிட்ட சொன்னத இன்னைக்குத்தான் எம்மக கேட்டு அர்த்தம் சொன்னுச்சு. அன்னைக்கு நீங்க என்னையக் கேக்கவேயில்லியே, அவரு என்னா சொன்னாருன்னு."

"என்ன சொன்னார்?"

அப்பா இடது கையை நீட்டினார். கண்ணைப் பாதி மூடினார். அந்தத் துரையின் குரலிலேயே, மூச்சு உட்பட, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் சொன்னார்.

"டேக்கிட்... ஆஃப்."

கண்டாக்கையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க எத்தனை வருஷமா இங்கிலீஷ் படிப்பிக்கிறீங்க, டீச்சர்?"

"மூணு வருசமா, ஐயா."

"ம்." வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.  இப்போது சிரிப்பார், இப்போது அப்பாவுக்கு அர்த்தம் சொல்லுவார், நம்பிய பாதிப் பேரும் இனி நம்பமாட்டார்கள் என்று காத்து நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம், "மேலே ஏறி வா, அந்தோணி," என்றார். "டீச்சர் சொன்னது சரி. எடுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்."

"இத கோயில்லயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுறேன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னார். பத்துப் பேருக்குச் சொன்னால் போதாதா, அன்று மாலைக்குள் மஸ்கெலியா வரை போய்விட்டது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை பல சந்தேகங்கள் உண்டு. பெரட்டுக் களத்தில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டோமே என்ற வருத்தமாக இருக்கலாம். ஆபீசில் ஒப்படைத்ததாகச் சொன்ன அந்தக் கடிகாரம் பிறகு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்பதாகவும் இருக்கலாம். மனிதரை முழுதாக நம்ப எனக்கு வராது.

அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார்; கேட்காதவர்களுக்கும் சொன்னார். மூடுபனியைச் சொல்வார், கத்தியைச் சொல்வார், கையை நீட்டிக் காட்டி, "டேக்கிட்டுன்னாரு" என்பார். அதோடு வாயை மூடிக்கொள்வார். அன்று கண்டாக்கையாவின் வீட்டுப் படியை விட்டு இறங்கியதிலிருந்து சாகும்வரை, அந்த மூச்சை மட்டும் அவர் விட்டுக் காட்டவேயில்லை.